‘அப்பலூசா’வில் புள்ளி எங்கே இருக்கிறது?

அமெரிக்காவின் புள்ளி போட்ட குதிரை இனம் அப்பலூசா. அதைப் பற்றி நீங்கள் கேட்டிருப்பது இது: மகளுக்கு வாங்கிக் கொடுத்த குதிரைப் படப் புத்தகத்தில் “அப்பலூசா என்றால் செவ்விந்தியர் மொழியில் புள்ளிக் குதிரை” என்று போட்டிருக்கிறது. ஒரு காணொளியிலோ அது பிரெஞ்சுச் சொல், ‘புல்வெளி’ என்று பொருள் என்கிறார்கள். எது சரி? ஒரே கேள்வி மாதிரித்தான் இருக்கிறது. உள்ளே இரண்டு இருக்கின்றன. அந்தப் பெயர் குதிரைக்கு எங்கிருந்து வந்தது என்பது ஒன்று. எந்தச் சொல்லிலிருந்து வந்ததோ அந்தச் சொல்லுக்கு முதலில் என்ன பொருள் என்பது இன்னொன்று. முதலாவதற்கு ஓரளவு துணிந்து பதில் சொல்லலாம். இரண்டாவதில் கொஞ்சம் நிதானம் வேண்டும். இரண்டிலுமே ‘புள்ளி’ கிடையாது.

நான் குதிரைக்காரன் அல்ல, அகராதிக்காரன். பிறமொழிச் சொற்கள் எந்த வழியாக நடந்து வந்தன என்று தேடுவதிலேயே இருபது வருஷத்துக்கு மேல் போய்விட்டது. அந்தக் குதிரை நாட்டுப் பழங்குடிகளின் மொழிகளை முறையாகப் படித்தவனும் அல்ல. அவற்றைப் பற்றிச் சொல்லும்போது அவற்றைப் படித்தவர்களின் முடிவைத்தான் எடுத்துச் சொல்கிறேன். இன்னொன்றும் ஒப்புக்கொள்ள வேண்டும். வேலைக்குச் சேர்ந்த புதிதில் சிறுவர்களுக்கான ஒரு தகவல் நூலுக்குப் பதிவுகள் எழுதிக் கொடுத்தேன். அதில் அப்பலூசாவுக்கு நேராக ‘புள்ளியுடையது என்பது பொருள்’ என்று எழுதினவன் நான்தான். யாரும் சொல்லித் தரவில்லை. குதிரை புள்ளியாக இருந்தது, பெயர் விளங்கவில்லை, எனவே பெயருக்குப் புள்ளி என்றுதான் பொருள் இருக்க வேண்டும் என்று கை தானாக எழுதிவிட்டது. உங்கள் மகளின் புத்தகத்தை எழுதியவருக்கும் அப்படித்தான் நடந்திருக்கும்.

வரிக்குதிரை என்று சொல்லிப் பழகிய நமக்கு, புள்ளி போட்ட குதிரையின் பெயரிலும் புள்ளி இருக்க வேண்டும் என்று தோன்றுவது இயல்பு. ஆனால் வளர்ப்பு விலங்குகளில் ஓர் இனத்தின் பெயர் பெரும்பாலும் அது பிறந்த ஊரின் பெயர்தான். காங்கேயம் காளையைப் பார்த்து ‘காங்கேயம் என்றால் என்ன நிறம்?’ என்று யாரும் கேட்பதில்லை. சிப்பிப்பாறை நாயின் மேல் சிப்பியும் இல்லை, பாறையும் இல்லை. அப்பலூசாவும் இந்த வரிசைதான். ஊர் தூரத்தில் இருப்பதாலும், பெயர் வரும் வழியில் உருக்குலைந்துபோனதாலும் நமக்கு அது தெரிவதில்லை.

அந்த இடத்தின் பெயர் பலூஸ். அமெரிக்காவின் வடமேற்கு மூலையில், ஐடஹோ மாநிலத்தில் தொடங்கி வாஷிங்டன் மாநிலத்துக்குள் ஓடி ஸ்நேக் ஆற்றில் விழும் ஓர் ஆறு. அதைச் சுற்றியுள்ள நிலத்துக்கும் பலூஸ் என்றே பெயர். காற்று கொண்டுவந்து குவித்த வண்டல் மண், அலை அலையாக மேடு பள்ளம். இன்று பெரும்பாலும் கோதுமை. கோதுமைக்கு முன் அங்கே இருந்தது புல், புல்லின் மேல் குதிரைகள். ஆற்றின் முகத்துவாரத்தை ஒட்டி வாழ்ந்தவர்கள் பலூஸ் மக்கள். அவர்களுக்கு அடுத்து, கிழக்கே, நிமீபூ மக்கள். ‘மூக்குத் துளைத்தவர்கள்’ என்ற பொருளில் பிரெஞ்சு வணிகர்கள் இவர்களுக்கு வைத்த நெஸ் பெர்ஸ் என்ற பெயர்தான் வெளியில் பரவியது. இருவரும் வேறு வேறு மக்கள். பேசியவை ஒரே குடும்பத்தைச் சேர்ந்த மொழிகள். 1680-இல் நியூ மெக்சிகோவில் பியூப்லோ மக்கள் ஸ்பானியரைக் கிளர்ந்தெழுந்து விரட்டினார்கள். ஸ்பானியர் விட்டுப்போன குதிரைகள் கைமாறிக் கைமாறி வடக்கே வந்து, ஷோஷோனி மக்கள் வழியாக 1730-ஐ ஒட்டி நெஸ் பெர்ஸ் மக்களிடம் சேர்ந்தன என்பது வரலாற்றாசிரியர்கள் பெரும்பாலும் ஏற்கும் கணக்கு.

இனி அந்தப் பெயர் எப்படி உடைந்தது என்பதற்கு வருவோம். எனக்குப் பிடித்த பகுதி இதுதான். வெள்ளைக் குடியேறிகள் இந்தக் குதிரைகளை முதலில் ‘பலூஸ் குதிரை’ என்றார்கள். ஆங்கிலத்தில் ‘ஒரு’ என்பதற்கு ‘அ’ என்று ஓர் ஒட்டு முன்னால் வரும்: ‘அ பலூஸ் ஹார்ஸ்’. வாய்விட்டு வேகமாக நான்கு தடவை சொல்லிப் பாருங்கள். ‘அ’ எங்கே முடிகிறது, ‘பலூஸ்’ எங்கே தொடங்குகிறது என்று காதுக்குத் தெரியாது. எழுத்தில் பார்க்காமல் காதால் மட்டும் கேட்டவன் அதை ‘அபலூஸ்’ என்று ஒரே சொல்லாக எடுத்துக்கொள்வான். அடுத்தவனிடம் சொல்லும்போது இன்னொரு ‘ஒரு’வை முன்னால் சேர்த்துச் சொல்வான். அவ்வளவுதான், சொல் பிறந்துவிட்டது.

நமக்கு இது புதிதல்ல. தண்டியலங்காரம் சொல்லும் பிரிமொழிச் சிலேடை இதே வித்தைதான்: ஒரே ஒலித்தொடரை ஓர் இடத்தில் வெட்டினால் ஒரு பொருள், வேறிடத்தில் வெட்டினால் வேறு பொருள். புலவன் தெரிந்து செய்வதைச் சந்தையில் நிற்பவன் தெரியாமல் செய்கிறான். ஆங்கிலத்தில் முதலைக்கு உள்ள ‘அலிகேட்டர்’ என்ற சொல்லும் இப்படி வந்ததே. ஸ்பானிய மொழியில் ‘லகார்த்தோ’ என்றால் பல்லி, ஓணான் வகை. ‘எல்’ அதன் முன் வரும் சுட்டு. ‘எல் லகார்த்தோ’வைச் சேர்த்துக் கேட்டவர்கள் சுட்டையும் விலங்கின் உடம்போடு ஒட்டிவிட்டார்கள். எதிர்த்திசையிலும் நடக்கும். நம் நாரத்தையோடு உறவுடைய சொல் வடமொழியில் ‘நாரங்க’ ஆகி, பாரசீகம், அரபு வழியாக ஐரோப்பா போனது. ஸ்பானியத்தில் ‘நாரன்ஹா’ என்று முன்னெழுத்தோடு நிற்கிறது. பிரெஞ்சில் அந்த ‘ந’ உதிர்ந்துபோய் ‘ஆரஞ்சு’ ஆகிவிட்டது. முன்னால் நின்ற ‘ஒரு’வோடு அந்த ‘ந’ கலந்துவிட்டது என்பதே பொதுவான விளக்கம். ஆக, ஓர் ஒட்டு சொல்லில் ஏறுவதும் ஒரு தலையெழுத்து கழன்று விழுவதும் பேச்சில் தினமும் நடக்கிற காரியம்.

கடைசியில் உள்ள ‘ஆ’ எங்கிருந்து வந்தது என்றும் கேட்கலாம், கேட்க வேண்டும். பழைய எழுத்துகளில் அப்பலூசி, அப்பலூசீ என்ற வடிவங்கள் கிடைக்கின்றன. அமெரிக்க நாட்டுப்புறப் பேச்சில் ‘ஆ’வில் முடியும் சொல்லை ‘ஈ’யாக முடிப்பது பழைய வழக்கம்: சோடாவைச் சோடி என்பார்கள், ஆப்பெராவை ஆப்ரி என்பார்கள். அதனால் ‘ஈ’யில் முடியும் சொல்லைக் கேட்டால் படித்தவர் காதுக்கு அது கொச்சையாகப் பட்டு, திருத்தி ‘ஆ’ என்று எழுதத் தோன்றும். அப்பலூசியை இப்படி யாரோ ‘திருத்தி’ அப்பலூசா ஆக்கியிருக்கலாம். இது என் ஊகம் மட்டுமே. ஆனால் இந்த மாதிரித் திருத்தம் நடந்த சொற்கள் பல மொழிகளிலும் உண்டு.

இந்தக் கதைக்கு ஒரு போட்டிக் கதை இருக்கிறது. அதை மரியாதையோடு கேட்க வேண்டும், ஏனென்றால் நல்ல அகராதிகளே இன்னும் அதற்கு ஓரிடம் வைத்திருக்கின்றன. தெற்கே லூசியானா மாநிலத்தில் ஓப்பலூசஸ் என்று ஓர் ஊர். பிரெஞ்சு ஆட்சிக்காலத்தில் வணிகத் தாவளமாகத் தொடங்கியது. அந்த வட்டாரத்தில் வாழ்ந்த ஒரு பழங்குடியின் பெயரே ஊருக்கும். அங்கேயும் குதிரை உண்டு. 1948-இல் வந்த ஒரு நூல் ‘ஓப்பலூசா குதிரை’ என்றே ஓர் இனத்தைச் சொல்கிறது: 18-ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் காட்டுப்பக்கத்து ஆட்கள் நியூ ஆர்லியன்சுக்குச் சரக்குக் கொண்டுபோகப் பயன்படுத்திய உழைப்பாளிக் குதிரை என்று. இந்தக் கட்சிக்கு ஒலி மிகவும் சாதகம். முன்னால் ஓர் உயிர், பின்னால் ‘ஆ’, இரண்டும் தயாராகவே இருக்கின்றன. ‘ஒரு’வை ஒட்டவும் வேண்டாம், ‘ஈ’யைத் திருத்தவும் வேண்டாம். சொல்லை மட்டும் மேசையில் வைத்துப் பார்த்தால் நானே லூசியானா பக்கம் சாய்ந்திருப்பேன்.

ஆனால் சொல் மேசையில் பிறப்பதில்லை. இன்று அப்பலூசா என்று பதிவாகும் இனம் வடமேற்கில், நெஸ் பெர்ஸ் நாட்டுக் குதிரைகளைச் சொல்லி உருவான இனம். பெயரும் அங்கேதான் அதோடு ஒட்டியிருக்கிறது. ஆயிரக்கணக்கான கிலோமீட்டர் தள்ளி, நாட்டின் மறுகோடியில் இருக்கிறது லூசியானா. அதைவிட எனக்கு வலுவாகத் தோன்றும் சாட்சி ஒரு பக்கத்து வீட்டுச் சொல். பலூஸ் நிலம் அடங்கிய அதே கொலம்பியா ஆற்றுப் பீடபூமியில் கயூஸ் என்று ஒரு மக்கள் இருந்தார்கள், அவர்களும் குதிரைக்குப் பேர்போனவர்கள். அவர்கள் பெயர் அப்படியே ஆங்கிலத்துக்குப் போய் ‘கயூஸ்’ என்றாலே மட்டக்குதிரை, நாட்டுக்குதிரை என்று ஆகிவிட்டது. குதிரையை அதை வளர்த்த மக்களின் பெயரால் அழைப்பது அந்த வட்டாரத்துக் குடியேறிகளின் பழக்கமாகவே இருந்திருக்கிறது. கயூஸ் மக்களிடமிருந்து கயூஸ், பலூஸ் நாட்டிலிருந்து பலூஸ். இதற்கு மேல் எனக்கு அதிகம் தேவையில்லை. தெற்கிலிருந்து மேற்கே போனவர்கள் ஏற்கெனவே காதில் இருந்த ஓப்பலூசஸ் என்ற சொல்லின் சாயலை இதன் மேல் ஏற்றி, கடைசி ‘ஆ’வுக்கு ஒரு கை கொடுத்திருக்கலாம் என்பதையும் நான் மறுக்க மாட்டேன். இரண்டு ஓடை ஒரே வாய்க்காலில் விழுவது சொல் வரலாற்றில் அதிசயமில்லை.

இப்போது இரண்டாவது கேள்வி: பலூஸ் என்றால் என்ன? உங்கள் காணொளிக்காரர் சொன்ன பிரெஞ்சு விளக்கம் இங்கேதான் நுழைகிறது. பிரெஞ்சில் ‘பெலூஸ்’ என்றால் புல்தரை. கனடாவிலிருந்து தோல் வாங்க வந்த பிரெஞ்சுக்காரர்கள் அந்தப் புல்மேடுகளைப் பார்த்து அப்படிப் பெயரிட்டார்கள் என்பது கதை. அழகான கதை, நிலமும் அப்படித்தான் இருக்கிறது. அதனாலேயே எனக்குச் சந்தேகம். பலூஸ் மக்கள் பேசிய சஹாப்தின் மொழியைப் படித்தவர்கள் சொல்வது வேறு: ‘பலூஸ்’ என்பது அந்த மக்களின் சொல், ‘தண்ணீருக்குள் எழுந்து நிற்பது’ என்று பொருள். பலூஸ் ஆறும் ஸ்நேக் ஆறும் கூடும் இடத்தில் இருந்த அவர்களின் தலைமையூருக்கு அந்தப் பெயர். அங்கே நீரில் நின்ற ஒரு பெரும்பாறையைக் குறித்தது. ஆக பாறையிலிருந்து ஊர், ஊரிலிருந்து மக்கள், மக்களிடமிருந்து ஆறும் நிலமும். ஒரு பெயர் சின்னப் பொருளிலிருந்து பெரிய பொருளுக்கு விரிவது வழக்கமான போக்கு. பிரெஞ்சுக் கதையிலோ முதலில் பரந்த நிலம், பிறகு அந்த நிலத்தின் ஒரு மூலையில் இருந்த ஓர் ஊரும் மக்களும் அந்நியர் வைத்த பெயரைத் தங்களுக்குச் சூட்டிக்கொள்ள வேண்டும். நடக்காதது அல்ல, சுற்று வழி.

பாறைக் கட்சியே சரி என்பது என் முடிவு. பிரெஞ்சுக்காரர்களை அடியோடு தள்ளவும் வேண்டாம். ‘பலூஸ்’ என்று காதில் விழுந்ததை எழுத உட்கார்ந்தபோது தங்களுக்குத் தெரிந்த ‘பெலூஸ்’ என்ற சொல்லின் எழுத்துக்கூட்டலை அவர்கள் அதன் மேல் போர்த்தியிருப்பார்கள். இன்று ஆங்கிலத்தில் அந்தப் பெயரை எழுதும் முறை பிரெஞ்சு முறைதான். சட்டை அவர்கள் தைத்தது, உடம்பு வேறு. இன்னொரு சிறு விவரம்: மேற்குப் பகுதியை ஆராய அமெரிக்க அரசு அனுப்பி, 1805-இல் அந்த வழியாகப் போன லூயிஸ், கிளார்க் குழுவினர் இந்த ஆற்றுக்குத் தங்கள் குழுவில் இருந்த ட்ரூயார் என்ற வேட்டைக்காரரின் பெயரை வைத்தார்கள். அது நிலைக்கவில்லை. நிலைத்திருந்தால் இந்தக் குதிரைக்கு இன்று என்ன பெயர் இருக்கும் என்று நினைத்துப் பார்த்துச் சிரித்துக்கொள்வேன். அந்த ஆற்றுக் கூடலில் இருந்த பழைய ஊரின் இடம், 1969-இல் லோயர் மான்யுமெண்டல் அணையில் நீர் தேங்கியபோது மூழ்கிவிட்டது.

லூயிசைச் சொன்னதால், இணையத்தில் அடிக்கடி தவறாகப் பயன்படுத்தப்படும் ஒரு சாட்சியையும் தொட்டுவிடுகிறேன். 1806 பிப்ரவரி 15 அன்று மெரிவெதர் லூயிஸ் தன் நாட்குறிப்பில் அந்த நாட்டுக் குதிரைகளைப் புகழ்ந்து எழுதுகிறார்: உயரமானவை, அழகான உடற்கட்டு, சுறுசுறுப்பு, தாக்குப்பிடிப்பவை. சில குதிரைகளில் கருமையோடும் பழுப்போடும் கலந்து பெரிய வெள்ளைத் திட்டுகள் ஒழுங்கின்றிச் சிதறிக் கிடக்கின்றன என்றும் சொல்கிறார். இதை எடுத்துப் போட்டு ‘பாருங்கள், அப்பலூசா!’ என்பார்கள். ஆனால் ஒழுங்கற்ற பெரிய வெள்ளைத் திட்டு என்பது இன்னொரு வகையான பிண்ட்டோ குதிரைக்கே அதிகம் பொருந்தும். அப்பலூசாவின் அடையாளம் வேறு: பிட்டத்தின் மேல் வெள்ளைப் போர்வை போட்டு அதில் மை தெளித்தது போன்ற புள்ளிகள், மூக்கைச் சுற்றி மச்சம் மச்சமான தோல், மனிதக் கண்ணில் போல வெளியே தெரியும் வெண்விழி, குளம்பில் மேலிருந்து கீழாக ஓடும் கோடுகள். மேலும் லூயிஸ் அதே மூச்சில், பெரும்பாலான குதிரைகள் ஒரே நிறம்தான் என்றும் எழுதியிருக்கிறார். மேற்கோள் காட்டுபவர்கள் அந்த வரிக்கு முன்பே நிறுத்திவிடுகிறார்கள். நெஸ் பெர்ஸ் மக்கள் கைதேர்ந்த குதிரை வளர்ப்பாளர்கள், அவர்களிடம் புள்ளிக் குதிரைகளும் இருந்தன என்பது உறுதி. புள்ளியை மட்டுமே குறிவைத்து வளர்த்தார்கள் என்பது உறுதியல்ல.

பெயர் நிலைத்த காலத்தில் அந்தப் பெயருக்கு உரியவர்களிடம் குதிரை இல்லை என்பதுதான் இதில் வயிற்றைப் பிசையும் பகுதி. 1858 செப்டம்பரில் அமெரிக்கப் படையின் கர்னல் ஜார்ஜ் ரைட் பலூஸ் மக்களின் மந்தையைப் பிடித்துச் சுமார் 800 குதிரைகளைச் சுட்டுக் கொல்ல வைத்தார். ஸ்போக்கேன் ஆற்றங்கரையில் அந்த இடத்துக்குக் குதிரைக் கொலைமுகாம் என்றே பெயர் வந்தது. 1877-இல் நெஸ் பெர்ஸ் மக்கள் அமெரிக்கப் படைக்கு முன்னால் கனடாவை நோக்கி 1,800 கிலோமீட்டருக்கு மேல் ஓடி, எல்லைக்குக் கிட்டத்தில் மொண்டானாவில் மடக்கப்பட்டார்கள். தலைவர் ஜோசப் அக்டோபர் 5 அன்று சரணடைந்தார். குதிரைகள் பறிபோயின, விற்கப்பட்டன, வேறு குதிரைகளோடு கலந்துபோயின. அதன்பின் அறுபது வருஷம் இந்தப் பெயர் பண்ணை ஆட்களின் வாயில், ஆளுக்கொரு உச்சரிப்பில் கிடந்தது. 1937-இல் பிரான்சிஸ் ஹெய்ன்ஸ் என்ற வரலாற்றுப் பேராசிரியர் ‘வெஸ்டர்ன் ஹார்ஸ்மேன்’ இதழில் இந்தக் குதிரைகளைப் பற்றி எழுதினார், ஆர்வம் திரும்பியது. அடுத்த ஆண்டே, 1938-இல், ஆரிகன் மாநிலத்தைச் சேர்ந்த கிளாட் தாம்சன் முன்னின்று இனப் பதிவுச் சங்கத்தைத் தொடங்கினார். அப்பலூசா என்ற எழுத்துக்கூட்டல் மற்ற எல்லாவற்றையும் ஓரங்கட்டியது அதற்குப் பிறகுதான். 1950-களில்தான் அது ‘சரியான’ வடிவம் என்று ஆனது. 1975-இல் ஐடஹோ அதைத் தன் மாநிலக் குதிரை ஆக்கிக்கொண்டது.

‘அப்படியானால் நெஸ் பெர்ஸ் மக்கள் அதை என்னவென்று அழைத்தார்கள்?’ என்று உங்கள் மகள் அடுத்து கேட்பாள். புள்ளிக் குதிரைக்கு அவர்கள் மொழியில் சொல்வது மாமின். செவ்விந்தியர் மொழியில் புள்ளிக் குதிரை என்று உங்கள் புத்தகம் சொல்ல நினைத்த சொல் உண்மையில் இருக்கிறது. அது அப்பலூசா அல்ல, அவ்வளவே.

புள்ளி தனிக் கதை, பெயர் தனிக் கதை. பெயருக்கு இரண்டு நூற்றாண்டு வயதுகூட இல்லை. பிரான்சில் பெஷ் மெர்ல் குகைச் சுவரில் சுமார் 25,000 ஆண்டுகளுக்கு முன் வரைந்த குதிரைகளின் மேல் புள்ளிகள் இருக்கின்றன. அவை ஓவியனின் கற்பனை என்று நினைத்தவர்களும் உண்டு; பழங்குதிரை எலும்புகளின் டிஎன்ஏவிலேயே இந்தப் புள்ளிக்கான மரபணு மாற்றம் இருப்பதை 2011-இல் ஓர் ஆய்வு காட்டியது. டென்மார்க்கில் இதே புள்ளியோடு இன்னோர் இனம் உண்டு, நாப்ஸ்ட்ரப்பர். அதன் பெயரில் யாருக்கும் தகராறு இல்லை. நாப்ஸ்ட்ரப்கார்ட் என்ற பண்ணையில் 1812-இல் ஒரு புள்ளிப் பெட்டைக்குதிரையிலிருந்து தொடங்கியது, பண்ணையின் பெயரே இனத்துக்கும். அங்கே எழுதி வைக்க ஆள் இருந்தார்கள்.

மகளின் புத்தகத்தில் பென்சிலால் திருத்துவதாக இருந்தால் ‘பலூஸ் ஆற்று நாட்டின் பெயரால் வந்தது’ என்று எழுதுங்கள். பலூசின் பொருளுக்கு ‘நீரில் நிற்கும் பாறை’ என்று போட்டு, பக்கத்தில் ஒரு சிறு கேள்விக்குறி வைத்தால் நேர்மையாக இருக்கும். தமிழில் எழுதும்போது சிலர் ‘அபலூசா’ என்று ஒற்றைப் பகரத்தோடு எழுதுகிறார்கள். வேண்டாம். இரண்டு உயிருக்கு நடுவே தனியாக நின்றால் நம் ‘ப’ மெலிந்து வேறு ஒலி ஆகிவிடும், பலூசின் பகரம் தொலைந்துவிடும். ‘ப்ப’ போட்டால்தான் வல்லினம் நிற்கும். அழுத்தம் ‘லூ’வில்.